வண்டி ஏன் சூடாகிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, "தலைப்பு உங்க இஷ்டம், ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் பேசறீங்க, தூங்க வச்சுடாதீங்க" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். பிழைப்புக்கு நான் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் நிபந்தனையை மீறியவனாவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்களோடு மல்லுக்கட்டுவது என் பழக்கம். ஆகவே, அந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி கேட்கும் ஒரே ஒரு புகாரை எடுத்துக் கொள்கிறேன். "வண்டி ஹீட் ஆகுதுங்க" என்பதுதான் அது.

பழைய கார் என்று நான் சொல்வது அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 போன்றவற்றை. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-இல் உற்பத்தி நின்று போயின. பத்மினி அதற்கு வெகு முன்பே. இருந்தாலும் கல்யாண வண்டியாகவும், சினிமாப் படப்பிடிப்பு வண்டியாகவும், தாத்தா விட்டுச் சென்ற சொத்தாகவும் இவை இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கும் வசதி இவற்றில் இல்லை. நம் கண், காது, கை, கொஞ்சம் இரண்டாம் ஆண்டுப் பாடம், இவைதான் கருவிகள்.

நமது ஹீட் எஞ்சின்ஸ் லேபில் வெப்பச் சமன்பாட்டுச் சோதனை செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எஞ்சினுக்குள் எரிந்த எரிபொருளின் வெப்பம் எங்கெங்கே போனது என்று கணக்குப் போட்டு, கடைசியில் "கணக்கில் வராத இழப்பு" என்று ஒரு வரி எழுதுவோம். அந்த அட்டவணையின் சாரம் என்ன? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது; இன்னொரு பங்கு புகைக் குழாய் வழியாகப் போகிறது; மூன்றாவது பங்கு தண்ணீரில் இறங்குகிறது. அதாவது, அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒரு மலையேற்றத்தில் 30 கிலோவாட் கொடுத்தால், சுமார் அதே 30 கிலோவாட் வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே வீச வேண்டும். வீட்டில் பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கும் ஒரு கிலோவாட் ஹீட்டர் முப்பதை ஒன்றாகப் போட்டது போல! இதில் எங்கே சிறு தடங்கல் வந்தாலும் சில நிமிடங்களில் தண்ணீர் கொதித்துவிடும்.

ஆகவே சூடாவது நோயல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. ஆனால் பாருங்கள், காய்ச்சல் என்று போனால் "எப்போதிலிருந்து, ராத்திரியா, பகலா" என்று டாக்டர் கேட்கிறார். வண்டி ஹீட் ஆகிறது என்று போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. "ரேடியேட்டரை மாத்திரலாங்க." அது சரியாகவில்லையா, "வாட்டர் பம்பு." அதுவும் இல்லையா, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிரலாம்." அப்புறமும் இல்லையென்றால், "எஞ்சினை இறக்கிப் பார்க்கணும்." இது நோய் கண்டுபிடிப்பதில்லை, கடையில் இருக்கும் மருந்தையெல்லாம் வரிசையாகக் கொடுத்துப் பார்ப்பது.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர். வயது அறுபதுக்கு மேல். 1986-ஆம் வருடத்து மார்க் 4 அம்பாசடர் ஒன்று வைத்திருக்கிறார். வெள்ளை வண்டி, பழைய மாதிரி சீட்டு உறை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், போட்டோ எடுப்பதற்கும் குன்னூர், உதகை வரை வாடகைக்குப் போகும். அந்த வருமானத்தில்தான் அவரும் மனைவியும் வாழ்கிறார்கள். அந்த வண்டி கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் கொதிக்கத் தொடங்கியது. ஒரு முறை மாப்பிள்ளையே இறங்கிப் பர்லியாறில் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. நான் மேலே சொன்ன வரிசை அப்படியே நடந்திருந்தது. ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்பு புதுசு, தெர்மோஸ்டாட் கிடையாது. அடுத்தது எஞ்சினை இறக்க வேண்டும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். "அதுக்குக் காசு இல்லீங்க தம்பி. காயலான் கடைக்குப் போட்டாத்தான் உண்டு" என்றார்.

நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி: "எப்பங்க சூடாகுது? நிக்கறப்பவா, ஓடறப்பவா?"

இந்தக் கேள்விக்குள் பாதி விடை இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும், ஊருக்குள் நெரிசலில் ஊரும்போதும் முள் ஏறி, வெளிச் சாலையில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், தண்ணீர் ஓட்டத்தில் பெரிய குறையில்லை, காற்றுதான் போதவில்லை. ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை ஈடு செய்துவிடுகிறது. அப்போது விசிறியைப் பார்க்க வேண்டும். அம்பாசடரில் விசிறி பெல்ட்டில் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பார்த்தால் போதும். மாருதி 800-இல் மின்விசிறி. தண்ணீர் ஒரு சூட்டைத் தொட்டதும் ஒரு சுவிட்ச் அதை ஓட வைக்கிறது. சுவிட்சின் வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்தால் விசிறி சுற்றுகிறதா? சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் கெட்டது. சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சாவி போட்டதும் விசிறி ஓடும்படி "டைரக்ட்" கொடுத்துவிடுவார்கள். ஓடத்தான் ஓடும். மழைக்காலக் காலையிலும் ஓடும், எஞ்சின் சூடேறவே விடாமல் ஓடும், ஒரு நாள் மோட்டார் எரியும். அன்றைக்கு எச்சரிக்கை செய்ய எதுவும் இருக்காது.

ஊருக்குள் ஒழுங்காக இருந்து, வேகமாகப் போகும்போதோ ஏற்றத்திலோ சூடானால் கதை வேறு. காற்று தாராளமாகக் கிடைத்தும் வெப்பம் வெளியே போகவில்லை என்றால், தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை அல்லது ரேடியேட்டருக்குள் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பொதுவாக இங்கேதான் தேட வேண்டும்.

மூன்றாவது வகை, காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்துக்குள் முள் மேலே போவது. அது தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டதாலோ, உள்ளே காற்று அடைத்து நிற்பதாலோ, தண்ணீர் குறைவாலோ, ஹெட் காஸ்கெட் போனதாலோ இருக்கலாம்.

வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு முள் கொஞ்சம் ஏறினால் பயப்படாதீர்கள். பம்பு நின்றுவிட்டது, இரும்பின் சூடு மட்டும் தண்ணீரில் இறங்கிக் கொண்டிருக்கிறது. அது இயல்பு.

பெரியவர் சொன்ன பதில், "ஊருக்குள்ள ஒண்ணுமில்லீங்க. பிளெய்ன்ல அறுபதுக்கு மேல போனாலும், மலை ஏறினாலும்தான்." ஆக, காற்றை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தொடர்ந்தேன்.

அதற்கு முன் எஞ்சினை இறக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது. அவருடைய கவலை முழுவதும் அதில்தான் இருந்தது. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். காஸ்கெட் சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவில் விட்டிருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, சோடா பாட்டில் போலக் குமிழிகள் விடாமல் வரும். முதலில் நாலைந்து வந்தால் அது அடைபட்ட காற்று. நிற்காமல் வந்தால்தான் சந்தேகம். இங்கே நின்றுவிட்டது. ஆயில் டிப் ஸ்டிக்கில் மோர் நிறம் இல்லை, புகையில் வெள்ளை இல்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. காஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறையும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை என்பது ஒரு மணி நேரத்தில், ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

அடுத்து மலையடிவாரம் வரை ஓட்டிப் போய், முள் ஏறியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே ரேடியேட்டரின் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் சூடு பார்த்தோம். இப்போதெல்லாம் துப்பாக்கி போன்ற இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் கடையில் கிடைக்கிறது, பெரிய விலையில்லை. மாணவர்களே, இங்கே உங்கள் பாடம் வருகிறது. வெப்பம் என்பது ஓடும் தண்ணீரின் அளவு, அதன் வெப்ப ஏற்புத்திறன், சூட்டின் வித்தியாசம், மூன்றின் பெருக்கல். ஒழுங்கான வண்டியில் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் 10 டிகிரிக்குள் அடங்கும். மேலும் கீழும் இரண்டுமே கொதிசூடாக இருந்தால், தண்ணீர் நன்றாகச் சுற்றுகிறது, காற்று அதன் சூட்டை எடுக்கவில்லை. மேலே கொதித்துக் கீழே வெதுவெதுப்பாக இருந்தால், தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. ரேடியேட்டருக்குள் வெகுநேரம் நின்று ஆறிக் கொண்டிருக்கிறது. பெரியவரின் வண்டியில் இரண்டாவது நிலைதான். புது ரேடியேட்டர், புதுப் பம்பு, ஆனால் ஓட்டம் இல்லை!

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, அவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் பானட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சின் வேகம் ஏற ஏற, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ் வயிறு ஒட்டி, சப்பையாகி, உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காலை எடுத்ததும் மறுபடி உருண்டையாகிவிட்டது. பம்புக் கம்பெனிக்காரனுக்கு இதைவிடத் தெரிந்த காட்சி வேறில்லை. உறிஞ்சும் பக்கம் அது. மெலிந்த ரப்பரைப் பம்பு உறிஞ்சித் தன் கழுத்தைத் தானே நெரித்துக் கொள்கிறது.

இது நடக்காமல் இருக்கத்தான் பல பழைய வண்டிகளில் கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் மாற்றியபோது ஹோஸையும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கம்பியைப் பழைய ஹோஸோடு குப்பையில் வீசிவிட்டார்கள். கூடவே ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து போய் அழுத்தம் பிடிக்கவில்லை. மூடி பிடித்திருந்தால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி, ஹோஸை ஓரளவு உப்பியபடி வைத்திருக்கும். இரண்டு குறையும் சேர்ந்து கொண்டன.

மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வெறும் டப்பா மூடி என்று நினைப்பவர்கள் நிறைய. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏழு பவுண்டு மூடி போட்டால் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. 13 பவுண்டு, அதாவது 0.9 என்று அச்சிட்ட மூடியானால் 118 வரை. உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடிக்காத வண்டியோடு மலையேறினால், அதிகச் சூட்டை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏறுகிறோம்! அதற்காக ஏழு பவுண்டு வண்டிக்குப் பதின்மூன்று பவுண்டு மூடி போடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பு தாங்காது.

இதே காரணத்தால்தான் சூடான வண்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் விட்ட அந்த நொடியிலேயே ஆவியாக வெடித்து வெளியே வரும். முகமும் கையும் வெந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணி போட்டுத் திறப்பதும் பாதுகாப்பு அல்ல. மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள்; கல் மாதிரி இருந்தால் தொடாதீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் நிழலில் காத்திருப்பதில் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கவும் கூடும்.

சரி, ஹோஸும் மூடியும் மாற்றினோம். அத்தோடு முடிந்ததா? முதல் கோளாறு எதனால் வந்தது என்ற கேள்வி பாக்கி இருந்தது. பழைய ரேடியேட்டர் நிஜமாகவே அடைத்துத்தான் இருந்தது என்று பெரியவர் சொன்னார். அப்படியானால் அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வடிக்க ஒரு சிறு குழாய் உண்டு. திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் செங்காவி நிறத்தில், பாயசம் போலக் கெட்டியாக வந்தது. வந்து கொண்டே இருந்தது! முப்பது வருடத்து இரும்புத் துருவும், ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பும். எஞ்சினின் அடிப்பாகத்தில், சிலிண்டர்களைச் சுற்றி அது படிந்து கிடந்தது. புது ரேடியேட்டருக்கும் அதே கதி ஒரு வருடத்தில் நேர்ந்திருக்கும். தோட்டத்துக் குழாயை வைத்து, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக விட்டு, தெளிவாக வரும்வரை கழுவினோம். அரை நாள் போயிற்று.

போர் தண்ணீர் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. கால்சியம் படிவத்தின் வெப்பக் கடத்துத்திறன் வார்ப்பிரும்பில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை என்று சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர் படிவம் ஏறத்தாழ ஓர் அங்குல இரும்புக்குச் சமமான தடை. "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பனிக்காக வேண்டாம், துருவுக்காக வேண்டும். சொல்லப்போனால் வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கூலன்ட் கலவையைவிட உயர்த்தி. ஆனால் அந்தத் தண்ணீர் இரும்பையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் நம் ஊருக்குத் தாராளம். பழைய கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள்; இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் ஜாக்கிரதை.

இனி தெர்மோஸ்டாட். இந்தச் சிறு வால்வுக்கு நம் ஊரில் ஏற்பட்ட அவப்பெயரை நான் இன்று கொஞ்சமாவது துடைக்க விரும்புகிறேன். "இது குளிர் நாட்டுச் சமாச்சாரம், வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை" என்று சொல்லிக் கழற்றுகிறார்கள். 82 டிகிரி வரை மூடியிருந்து எஞ்சினைச் சீக்கிரம் சூடேற்றுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், சிலிண்டர் தேய்மானம் கூடும். மேலும், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது பக்கவழிப் பாதையை அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அதில் வால்வைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றி வரும். சூடு குறைவதற்குப் பதில் கூடும்! இதற்கு நேர் எதிராக, "தண்ணி வேகமா ஓடினா ஆற நேரம் இருக்காது, அதான் சூடாகுது" என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. சுற்றி வரும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் குறைவாக ஆறினாலும் அதிக முறை வருகிறது; மொத்தத்தில் வெப்பம் கூடத்தான் வெளியேறும்.

வால்வு நல்லதா கெட்டதா என்று தெரிய, அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். எழுதியிருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்து, ஆறும்போது மூடினால் மாட்டுங்கள். வீட்டம்மாவிடம் முன் அனுமதி வாங்குவது நல்லது.

முள் காட்டுவதெல்லாம் உண்மையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் போட்டதும் வெப்ப முள் நகர்ந்தால் எர்த் சரியில்லை. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே ஏறினால் இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். இதைவிட ஆபத்து, முள் கீழேயே இருப்பது. தண்ணீர் முழுக்க ஒழுகிப் போய், சென்சார் காற்றில் தொங்கினால், எஞ்சின் வெந்து கொண்டிருக்கும்போது முள் குளிர்ச்சியைக் காட்டும். ஓடும்போது முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்.

தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால், வெப்பம் கூடுதலாக உற்பத்தியாகிறதா என்று பார்க்க வேண்டும். பாயிண்ட் வைத்த வண்டிகளில் பாயிண்டின் குதி தேயத் தேய இடைவெளி குறைந்து இக்னிஷன் தாமதமாகும். தாமதமாக எரிந்தால் வேலை குறைந்து, சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போய் ஹெட்டைக் காய்ச்சும். பிரேக் பிடித்தபடி ஓடினாலும் இதே கதைதான். நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரியவரின் வண்டிக்கு ஹோஸ், சுருள் கம்பி, மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட், இவ்வளவுதான் வாங்கினோம். முன்பு செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குக் குன்னூர் போய் வந்து போன் செய்தார். "முள்ளு பாதியத் தாண்டலீங்க தம்பி. பர்லியாறுல நிறுத்துனமுங்க, டீ குடிக்க."

வெளியே மரத்தடியில் இரண்டு அம்பாசடரும் ஒரு பத்மினியும் நிற்பதைப் பார்த்தேன். காலையிலிருந்து நிற்பதால் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும். உரிமையாளர்கள் சம்மதித்தால், தேநீர் இடைவேளையில் மாணவர்கள் என்னோடு வரலாம். மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்திலிருந்து ஆரம்பிப்போம். டார்ச் என்னிடம் இருக்கிறது, கைதுடைக்க ஒரு பழைய துணி மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.